ஆடுகிற தட்டும் நின்றுபோன நிச்சயதார்த்தமும்

ஓசூர்,
15-9-56, சனிக்கிழமை

தளியில் சௌக்கியமாய் வீற்றிருக்கும் மைத்துனர் நாராயணப்பன் அவர்களுக்கு, கோவிந்தப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உம் தங்கை நாகம்மாவும் நலம். என் கடைசல் பட்டறை லேத்து மட்டும் நலமில்லை. காரணம், உம்முடைய அருமைப் புத்திரன் சம்பங்கி.

பெங்களூரில் தொழில் பழகினவன், கண்ணை மூடிக்கொண்டு கடைவான் என்று பெருமை பேசினீர். கண்ணை மூடிக்கொண்டுதான் கடைந்திருக்கிறான். கடைகிற இரும்பைக் கவ்விப் பிடிக்கிற புது 'சக்' ஒன்றை லேத்தில் மாட்ட, இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு வேண்டும், அதைக் கடைந்து கொடு, அடுத்த வாரம் உனக்கும் என் மகள் வெள்ளையம்மாவுக்கும் நிச்சயம் என்றேன். வந்தான். தட்டில் மரை வெட்டினான், லேத்தில் சுழலுகிற தண்டு இருக்கிறதே, அந்த ஸ்பிண்டிலில் திருகினான், தட்டின் முகத்தைச் சீவினான், பட்டறை முழுக்கக் கரித்தூள், மூக்கைச் சிந்தினால் மை. வெள்ளையம்மா மோர் கொண்டுவரும்போதெல்லாம் லேத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு விளக்கம் வேறு. வியாழக்கிழமை தட்டைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்து, "மயிரிழைகூட ஆடாது மாமா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். நேற்று வெள்ளிக்கிழமை, புது உருப்படி ஏறப்போகிறதே என்று ஸ்பிண்டிலுக்குத் தாராளமாய்ச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிப் பூசை போட்டேன். அந்தப் பக்தியெல்லாம் உம் பிள்ளைக்கு ஏது? இன்று காலை தட்டைத் திருகி, அதன்மேல் சக் மாட்டி ஓட்டினால், ஐயா, குடிகாரன் மாதிரி ஆடுகிறது! பம்பு ஷாப்ட் கடைய வந்த மத்திகிரி ராமப்பன், "ஏனப்பா இது, லேத்தா ராட்டினமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு, ஷாப்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பட்டறைக்குப் போய்விட்டான். என் மானம் போச்சு.

ஒரு தட்டை நேராகக் கடையத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நேராக நடத்துவான்? நிச்சயதார்த்தம் கிடையாது. வெற்றிலை பாக்கோடு பஸ் ஏறிவிடாதீர். "எங்கண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்" என்று உம் தங்கை காலையிலிருந்து அழுகிறாள். அழட்டும். மகள் அழவில்லை. மண்ணெண்ணெயும் துணியுமாகப் பட்டறைக்குள் போயிருக்கிறாள். கோபத்தில் கொளுத்திவிடுவாளோ என்று பயமாயிருக்கிறது.

அங்குள்ள பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். சம்பங்கிக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
கோவிந்தப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெள்ளையம்மா கூப்பிட்டாள். சக் ஓடுகிறது. மயிரிழைகூட ஆடவில்லை. தட்டு போய் உட்காருகிற இடத்தில் சந்தனம் கட்டியாய்க் காய்ந்திருந்ததாம், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாளாம். "பொட்டு வெக்கறதுன்னா லேத்து நெத்தியில வெய்யிப்பா. தட்டு உக்கார்ற எடத்துல அப்புனா அது எப்படி நேரா உக்காரும்? அங்க ஒரு தூசிகூட இருக்கக்கூடாதுன்னு மாமன் மவன் அன்னிக்கே சொல்லுச்சே!" என்கிறாள். பட்டறைக்காரனிடம் சொல்லாமல் மோர் கொண்டுவந்தவளிடம் சொல்லியிருக்கிறான், பாரும் உம் பிள்ளையின் லட்சணத்தை! மேலே எழுதினதைக் கிழிக்க மனம் வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே பையனோடு வந்து நிச்சயத்தை முடித்துவிடும். வெற்றிலை பாக்கோடு சந்தனமும் நீரே கொண்டுவாரும். இந்த வீட்டில் இனி என் கையில் அதைக் கொடுக்கமாட்டார்களாம்.