கோமாளி மீன்களுக்கு ஒரு மத்தியஸ்தர்

சண்டை போடுகிறவர்களைக்கூடச் சகித்துக்கொள்ளலாம் ஐயா. கத்துவார்கள், களைப்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். சண்டையை விலக்கிவிடுகிற ஜாதி ஒன்று இருக்கிறதே, அதனிடமிருந்து தப்பிக்கத்தான் வழியே இல்லை. எங்கேயாவது இரண்டு குரல் சற்று உயர்ந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் நிற்பார்கள். முதல் வசனம், "நான் யார் பக்கமும் இல்ல." இரண்டாவது, "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்குது." மூன்றாவது வசனத்துக்குள், இருவருமே மறந்துபோயிருந்த பழைய விவகாரம் ஒன்று தோண்டியெடுக்கப்பட்டிருக்கும்.

எங்கள் செவிலிமேட்டில் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி வீராசாமி. பிள்ளையார்பாளையத்தில் ஓர் அண்ணனும் தம்பியும், நூலுக்குச் சாயம் தோய்த்த தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்று முனகிக்கொண்டிருந்தார்கள். இவர் போய்ச் சமாதானம் செய்து வைத்தார். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி வரவில்லை. ஷேர் ஆட்டோவில் சீட்டுக்காக நடந்த வாய்த்தகராறை விலக்கினார். ஐயம்பேட்டை போகவேண்டிய வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. "நான் மட்டும் இல்லன்னா அன்னிக்கு வெட்டுக்குத்து ஆயிருக்கும்பா" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுத்துப் பேச யாருக்குத் தைரியம்? பேசினால் அதுவும் ஒரு சண்டை, அதையும் அவரே விலக்குவார்.

மனிதர்களோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவருடைய எதிர்வீட்டு ரேவதி, பாலாறே காய்ந்து கிடக்கிற ஊரில், கூடத்தில் ஒரு கடலையே வைத்திருக்கிறாள். உப்புத் தண்ணீர்த் தொட்டி; அதில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன். பெயர்தான் கோமாளி. பெரியது சின்னதை விரட்டும், வாலைக் கடிக்கும். சின்னது உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக் காட்டும். 'நீதான் பெரிய ஆள், ஒத்துக்கொண்டேன்' என்று அதற்கு அர்த்தம். அந்தக் கும்பிடு ஏற்கப்பட்டால் குடித்தனம் நிலைக்கும். இல்லாவிட்டால் சின்னது செத்துப்போகும். அதன் வாலோரம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. ரேவதிக்கு அது பிழைக்க வேண்டுமே என்ற கவலையில் சோறு இறங்கவில்லை.

அவள் புருஷன் தர்மன் இருக்கிறானே, இதை டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டான்.

வந்துவிட்டார் வீராசாமி. தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய மீனைப் பார்த்து ஆரம்பித்தார். "தோ பாருப்பா, ஆம்பளைன்னா கோவம் வரும்தான். அதுக்காகக் கட்டிக்கினு வந்தவளை இப்படியா அடிக்கிறது?"

"அண்ணா, பெருசுதான் பொம்பளை," என்றாள் ரேவதி.

வீராசாமி நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு சின்னதைக் கேட்டார்: "ஏன்யா, நீ இன்னா பண்ண?"

பார்த்தீர்களா நடுநிலைமையை!

"அதுங்களே பார்த்துக்கும் அண்ணா. ரொம்ப மீறினா நானே பிரிச்சிடுவேன்."

"அதெப்படிம்மா சும்மா உட்டுட முடியும்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைக் கேக்காதா?"

ஊர் கேட்குமாம்! ரேவதி வாயைத் திறப்பதற்குள் சின்னதை ஒரு ஓட்டை போட்ட டப்பாவில் தனிக்குடித்தனம் வைத்தார். சாயங்காலம் கோபம் தணிந்திருக்கும் என்று திரும்ப உள்ளே விட்டார். பெரியதுக்கு அது யாரோ புது ஆளாகத் தெரிந்தது, ஆரம்பத்திலிருந்து அடி. மறுநாளும் பிரித்தார், சேர்த்தார். தானாக முடிந்திருக்க வேண்டிய சண்டை தினமும் புதிதாகப் பிறந்தது. "நான் வந்ததுக்கப்புறம்தாம்மா பிரச்சனையோட ஆழமே தெரியுது," என்றார். "அண்ணன் சொல்றதைத்தான் கேளேன்" என்று தர்மன் ஒரு வார்த்தை சொல்ல, தொட்டிக்கு வெளியேயும் ஒரு ஜோடி முறைத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள், ரேவதி ஆபீஸ் போயிருந்த நேரத்தில், பிளாஸ்டிக் பையில் மூன்றாவது கோமாளி மீன் ஒன்றோடு வந்து நின்றார். "பொதுவா ஒரு ஆளு நடுவுல இருந்தா ரெண்டும் அடங்கும்பா" என்றார். தர்மன் கதவைத் திறந்துவிட்டான்.

ரேவதி வீடு திரும்பியபோது பெரியதும் சின்னதும் அக்கம்பக்கமாக நீந்திக்கொண்டிருந்தன. விரட்டல் இல்லை, கடி இல்லை. பொது ஆள் மட்டும் பாறை இடுக்கில் வால் இல்லாமல் செத்துக் கிடந்தது. இரண்டும் சேர்ந்து அடித்திருந்தன.

"நேத்து வரிக்கும் அடிச்சிக்கினு கெடந்ததுங்க, இன்னிக்கு எவ்ளோ ஒத்துமையா இருக்குது பாரும்மா!" வீராசாமிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

ரேவதி வலைவிட்டுச் செத்ததை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இது இன்னாண்ணா பாவம் பண்ணுச்சு?"

"யாராச்சும் ஒருத்தர் உட்டுக் குடுத்துத்தானேம்மா ஆவணும்," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு வீடு தள்ளி ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'பெரிய மீனையல்லவா பிரித்திருக்க வேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? 'அந்தத் தர்மனையும் ரேவதியையும் உட்காரவைத்து நாலு வார்த்தை பேசினால் சரியாகிவிடும்' என்று கை துறுதுறுத்ததா? அப்படியானால் தயவுசெய்து செவிலிமேட்டு பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். நேற்றுத்தான் அவர்கள் இரண்டு பேரும் தாங்களாகவே பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.