வாசக்கதவும் எழிலரசியின் படிப்புக் கடனும்

எங்கள் வீட்டு வாசக்கதவு போனதற்குக் காரணம் நான்தான். திருடன் இல்லை, புயல் இல்லை. நானே கழற்றினேன்.

அறுபத்தெட்டில் என் மகள் எழிலரசிக்குத் தஞ்சாவூர் காலேஜில் இடம் கிடைத்தது. கூடவே சர்க்கார் உறை ஒன்று. உள்ளே இரண்டு காகிதம். படிப்புக்குப் பணமாம். டீக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் டீ. "நம்ம ஆட்சிடா! குத்தகைக்காரன் பொண்ணுக்கும் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்குது!"

வீட்டில் தங்கம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"கொடுக்கிறவன் கொடுக்கிறான். வாங்குறவன் என்னத்தடி படிக்கிறது?"

ஆறு இடத்தில் போட்டேன். ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு சாண் நீளம்.

பெண் பி.ஏ. முடித்தாள். திருச்சியில் குமாஸ்தா வேலைக்குக் கட்சிக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். தங்கம்மாள் குறுக்கே நின்றாள்.

"அவ டீச்சர் வேலைக்குத்தான் போவா."

"நாள் பூரா பிள்ளைங்ககிட்டக் கத்தணும்டி. தொண்டை போயிடும்."

"இருபது வருஷமா உங்ககிட்டக் கத்துறேன். எனக்குப் போயிடுச்சா?"

பயிற்சி முடித்து மன்னார்குடிப் பக்கம் டீச்சராகப் போனாள். நான் ஒரு மாசம் பேசவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

எழுபத்து நாலு. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய வாரம். குறுவைக்கு உழவு. அன்றைக்கு வந்தது நோட்டீஸ். இதற்கு முன் வந்த இரண்டையும் பிரிக்காமல் கூரையில் செருகியிருந்தேன். இதைப் பிரித்தேன். அப்போதுதான் விளங்கியது. அந்த இரண்டு காகிதத்தில் ஒன்றுதான் இனாம். காலேஜ் சம்பளம் தள்ளுபடி. ஹாஸ்டல் செலவுக்குக் கொடுத்த மற்றது கடன். இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய். படிப்பு முடிந்த மறுவருஷத்திலிருந்து தவணை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் ஜப்தி.

ஜப்தி எனக்குத் தெரியும். குத்தகைத் தகராறு நடந்த காலத்தில் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கோர்ட் அமீனா வந்தால் முதலில் மாடு, பிறகு அண்டா, கடைசியில் வாசக்கதவு. என்னிடம் இருந்தது ஒரு ஜோடி மயிலைக் காளை. அது போனால் பதினைந்து மா நிலமும் தரிசு. எத்தனை சண்டை போட்டுக் குத்தகைப் பதிவு வாங்கின நிலம்!

வண்டியில் அண்டாவை ஏற்றினேன். கதவைக் கழற்றி ஏற்றினேன். தங்கம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நீட்டினாள்.

"இதையும் ஏத்திக்கிறீங்களா?"

"சிரிடி. அமீனா வரும்போது தெரியும்."

காளைகளை ஓட்டிக்கொண்டு கூத்தாநல்லூர். அங்கே மூஸா பாயின் நெல் மண்டியில் எல்லாவற்றையும் பதுக்கத் திட்டம். என் நெல்லை முப்பது வருஷமாக வாங்கினவர்.

"மாடு சரிண்ணே. கதவு எதுக்கு?"

"அமீனா கழட்டிடுவான் பாய்."

"அவன் கழட்டினாலும் வீட்டுல கதவு இல்லை. நீங்க கழட்டினாலும் இல்லை. அவனே கழட்டியிருந்தா உங்களுக்கு வண்டியில ஏத்துன பாடாவது மிச்சம்!"

இரண்டு நாள் திறந்த வீட்டில் குடித்தனம். ஒரு நாய் உள்ளே வந்து மோரைக் குடித்துவிட்டு என் பாயிலேயே படுத்தது. மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸ் பியூன் பக்கிரி வந்தான். கிழிந்த வேட்டியோடு காத்திருந்தேன்.

"நல்லாப் பாத்துக்கப்பா. மாடு இல்லை, மணி இல்லை. கதவுகூட இல்லை."

"நான் எதையும் எடுக்க வரலீங்க. கொடுக்க வந்தேன். உங்க மனுவுக்குப் பதில்."

"நான் எங்கடா மனு போட்டேன்?"

பதிலோடு சேர்த்திருந்த மனுவை எடுத்துக் காட்டினான். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு என் கையெழுத்து.

கடன் வாங்கிப் படித்த பிள்ளை வாத்தியார் வேலை பார்த்தால் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கழிவாம். பத்து வருஷம் பாடம் நடத்தினால் கடனே இல்லை. ஜப்தி ரத்து.

தங்கம்மாளைப் பார்த்தேன்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"நீங்க டீ வாங்கிக் கொடுக்கப் போன அன்னிக்கே எழிலு அந்தக் காகிதத்தைப் படிச்சுக் காட்டிட்டா. அதான் டீச்சர் வேலைன்னு பிடிச்சு நின்னேன்."

"நான் எப்போ இதுல கையெழுத்துப் போட்டேன்?"

"பங்குனியில. சர்க்கரைக் கார்டுன்னு சொன்னேன். படிச்சா பாத்தீங்க?"

"கதவைக் கழட்டுறப்பவாவது சொல்லியிருக்கலாமேடி!"

"கேட்டீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு வாட்டி கேட்டீங்களா?"

பக்கிரி சிரித்தான். நாயும் எழுந்து பார்த்தது.

காளைகள் திரும்பின. கதவு திரும்பவில்லை. மண்டி ஆட்கள் அதைச் சாக்கடைமேல் போட்டு நெல் வண்டி ஏற்றியிருந்தார்கள். இரண்டாகப் பிளந்துவிட்டது. ஏழு மாசம் சாக்குப் படுதாதான் கதவு. அந்த ஏழு மாசமும் நன்றாகத்தான் இருந்தது. வயல் காற்று நேராக உள்ளே வரும். அவள் அடுப்படியிலிருந்தே நான் வரப்பில் வருவதைப் பார்த்துச் சோறு போடுவாள்.

காளை போய் டிராக்டர் வந்தது. மூஸா பாயும் போய்ச் சேர்ந்தார். எழிலரசி தலைமை ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். கடனைப் பத்தே வருஷத்தில் பாடம் நடத்தியே கழித்தாள்.

கதவு பிளந்த அந்த வருஷம் தை அறுவடை முடிந்ததும் தங்கம்மாள் ஒரு சீட்டை நீட்டினாள். புதுக் கதவுக்கும் நிலைக்கும் ஆசாரிக்கான அளவுச் சீட்டாம். ஒரு கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

கதவு வந்து நின்ற பிறகுதான் படித்தேன். நிலையின் நெற்றியில், வீட்டுக்கு உடையவர் பெயர் செதுக்கும் இடத்தில், முத்து முத்தான எழுத்தில் செதுக்கியிருந்தது: தங்கம்மாள்.