குர்லா கேட்டில் தங்களை விட்டுவிட்டுப் போனது குறித்து

சேசு மரி சூசை காவல்

மாட்டுங்கா, பம்பாய்,
11-9-1963, புதன்கிழமை

சம்பந்தியாகப் போகிற மகா கனம் பொருந்திய அத்தான் சேசுராஜ் அவர்களுக்கு, ரிட்டையர்டு எஞ்சின் டிரைவர் இன்னாசிமுத்து மிகுந்த வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நானும் வீட்டுக்காரி ஏஞ்சலம்மாளும் மகள் அமலோற்பவமும் சுகமாக இருக்கிறோம். அவர்கள் இருவரும் என்னோடு பேசுவதில்லை, மற்றபடி சுகம். விக்ரோலியில் தங்கள் இடுப்பும், தங்கச்சி சேசம்மாளின் பட்டுச்சேலையும், மாப்பிள்ளை சூசைமாணிக்கமும் சுகம்தானா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்களும் தங்கச்சியும் எங்கள் வீட்டுக்கு வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, இடியாப்பம் சாப்பிட்டு, "பயலுக்கு லீவு கிடைக்கட்டும், வெத்தலை மாத்திருவோம்" என்று வாயாரச் சொன்னீர்கள். பிறகு ரயிலில் போகிறோம் என்றுதான் கிளம்பினீர்கள். நான்தான் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரை என் சொந்தக் காரில் விக்ரோலி வரைக்கும் கொண்டுபோய் விடாவிட்டால் நானும் ஒரு மனுஷனா என்று நினைத்துவிட்டேன். அதன் பலன், "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அப்பன் இப்படின்னா நாங்க யோசிக்கணும்லா" என்று குர்லாவில் தாங்கள் சொல்லும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் காப்பி வருகிறது, ஆனால் டம்ளர் மேசையில் விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

என் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் கைகாட்டியைப் பார்த்து உரக்கச் சொல்லவேண்டும். ஃபயர்மேனும் பார்த்து அதையே உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் வண்டி நின்றாகவேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. பென்ஷனான கையோடு, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு டாக்டரிடம் இந்தப் பழைய ஆஸ்டின் காரை வாங்கிய நாளிலிருந்து ஏஞ்சலம்மாள்தான் இடது சீட்டில் உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லி வருகிறாள். நான் "மாடு!" என்றால் அவளும் "மாடு!" என்பாள். "பஸ்!" என்றால் "பஸ்!" என்பாள். சண்டை போட்டுக்கொண்டு வரும்போதுகூட அதற்கு மட்டும் குறை வைக்கமாட்டாள். அன்றைக்கு மரியாதையை உத்தேசித்துத் தங்களை அந்த சீட்டில் உட்கார வைத்தேன். "போலீஸ்காரன் கை காட்டுதான்!" என்று நான் கத்தியபோது தாங்கள் பெரிய மனுஷத் தோரணையில் லேசாகச் சிரித்தீர்கள். சிரிப்பைப் பதிலாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை, அத்தான். ஆகவே நடுரோட்டில் பிரேக்கை மிதித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க அத்தான்!"

"என்னத்தச் சொல்ல?"

"நான் சொன்னத!"

"அதத்தான் நீங்களே சொல்லிட்டியளே!"

பின்னால் பஸ்ஸும் லாரியும் அலற ஆரம்பித்ததும், பின்சீட்டிலிருந்து தங்கச்சி பயந்துபோய் "மாதாவே!" என்று கூவினாள். வார்த்தை வேறாக இருந்தாலும் குரல் பலமாக இருந்ததால் அதையே பதிலாகக் கொண்டு வண்டியை விட்டேன். அதற்குப் பிறகு தங்கச்சி நிறுத்தவே இல்லை, நானும் நிறுத்தவில்லை. அந்த உற்சாகத்தில்தான் சயான் வளைவு வந்தது. என் ஆயுசு முழுவதும் வளைவுகளில் தண்டவாளம்தான் வண்டியைத் திருப்பியிருக்கிறது. நான் சும்மா உட்கார்ந்து வெளியே பார்ப்பேன். அன்றும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோடு வலப்பக்கம் போனது, நாம் நேராக வாழைப்பழ வண்டிக்குள் போனோம். அந்தப் பழ வண்டிக்கார பையா, "அரே புட்டே, ஆங்க் ஹை யா பட்டன்?", அதாவது "ஏ கிழவா, அது கண்ணா பொத்தானா?" என்று கேட்டது என்னைத்தானே தவிர தங்களை அல்ல. தங்கள் மடியில் விழுந்த சீப்பைத் தாங்கள் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்ததை ஏஞ்சலம்மாளிடம் சொல்லிப் பாராட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குர்லா கேட் மூடியிருந்ததுதான் பெரிய வினை. எனக்காகத்தான் கேட்டை மூடி ஊரை நிறுத்துவார்கள். என்னை நிறுத்தி இன்னொருவனுக்கு வழிவிட்டால் மனசு எப்படித் தாங்கும்? கேட்மேனிடம் நியாயம் கேட்கத்தான் இறங்கினேன். அந்நேரம் பார்த்து ஒரு ஷண்டிங் எஞ்சின் மெதுவாக வந்து நின்றது. மேலே யார் என்று பார்த்தால், முன்பு என்னிடம் ஃபயர்மேனாக இருந்த நம்பிராஜன்!

"அண்ணாச்சி, நீங்க போயி கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கியளே! மேல ஏறுங்க, ஒரு நிமிசம்."

ஏறினேன். நெருப்பைப் பார்த்தேன். கை தானாக மண்வெட்டியை எடுத்துக் கரியை அள்ளிப் போட்டது. எஞ்சின் நகர்ந்தது எனக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் எஞ்சின் என்றால் நகரத்தானே செய்யும்? உறைத்தபோது யார்டில் இருந்தேன். கார் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கேட் திறந்துவிட்டதாம். தாங்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு பக்கமும், தங்கச்சி பட்டுச்சேலையோடு மறுபக்கமும் காரைத் தள்ளித் தண்டவாளத்தைத் தாண்ட வைத்தீர்களாம். ஒரு லாரிக்காரன் தன் லாரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு "அவுர் தோடா, அவுர் தோடா", இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உற்சாகப்படுத்தினானாம். நான் முகமெல்லாம் கரியோடு ஓடிவந்தபோதுதான் தாங்கள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நடந்தே போனீர்கள்.

அத்தான், என் மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்குத் தங்கள் மகனை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு காருக்காக அது முறியக்கூடாது. ஆகவே குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா பாயிடம் காரைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். நாளை வந்து எடுத்துக்கொள்வார். எனக்கு அழுகை வருகிறது, மறைப்பானேன். தண்டவாளம் போன இடத்துக்கே வாழ்நாளெல்லாம் போனவன் நான். இடப்பக்கம் போகத் தோன்றினால் இடப்பக்கம் போகலாம் என்ற சந்தோஷத்தை இந்தக் கார்தான் எனக்குக் காட்டியது. போகட்டும். இனி எந்த ஸ்டீயரிங்கையும் தொடமாட்டேன் என்று பூண்டி மாதா மேல் சத்தியம் செய்கிறேன். தயவுசெய்து சம்பந்தத்தை மட்டும் முறிக்காதீர்கள்.

தங்கள் வீட்டில் சகல நன்மையும் பெருக, தங்கள் இடுப்பு சீக்கிரம் நிமிர, தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்ளும்,
இன்னாசிமுத்து

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டும்போது தங்கள் மகனே வந்து நிற்கிறார். "மாமா, அப்பாவ நான் சரிக்கட்டிட்டேன், வண்டிய மட்டும் வித்துராதிய" என்றார். கரீம் பாட்சா பாயை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பாக்டரி ஜீப் ஓட்டிப் பழக்கமாம்; எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு இங்குள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி வந்தார். பின்சீட்டில் தாயும் மகளும் ஒரே சிரிப்பு. ஆனால் அத்தான், தங்கள் மகன் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்து மறுகையால் தலை சீவுகிறார். திரும்பும்போது கை காட்டுவதில்லை. பேசும்போது ரோட்டைப் பார்க்காமல் என் மகளைப் பார்க்கிறார். நான் "மாடு!" என்று கத்தினேன், "எங்க மாமா?" என்று கேட்கிறார். இப்படி ஓட்டுகிறவர் கையில் பெண்ணை ஒப்படைப்பதா என்று எனக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. பையன் திருந்தும்வரை வெற்றிலை மாற்றுவதைத் தள்ளிவைப்போம். தினமும் சாயங்காலம் அவரை இங்கே அனுப்பிவையுங்கள். கார் ஓட்ட நானே சொல்லிக்கொடுக்கிறேன்.