ஓணான் காம்பராவுக்குத் தீட்டு

ஏழாம் லயம், ராகலை
12.4.1961

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் முத்துலிங்கம் அவர்களுக்கு, அழகுமுத்து எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை காளியாயியும் சுகம். கொட்டகலையில் உங்கள் எல்லோருக்கும் மாரியாத்தா துணையிருக்கட்டும்.

ஓணான் காம்பராவைப் பேசாமல் காலி பண்ணிக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். மாட்டேன் மச்சான். எட்டுப் பேர் படுக்கிற ஒரே காம்பராவில் சேலையைத் தடுப்பாகக் கட்டி, என் மகள் வேலாயி மூன்று மாதம் புதுமாப்பிள்ளையோடு குடித்தனம் நடத்தினாள். தனிக் காம்பரா கேட்டு மனுப் போட்டால் இடமில்லை என்றார் தோட்டத்துத் துரை. அதே துரை, காட்டில் மூக்கில் கொம்புள்ள ஓணான் குறைந்துகொண்டே வருகிறது, கூட்டில் வைத்து இனம் பெருக்கவேண்டும் என்று கொழும்பு டாக்டர் ஒருவர் வந்து கேட்டதும் கடைசிக் காம்பராவைத் திறந்துவிட்டார். புதுத் தகரம், சிமெந்துத் தரை, ஆறு ஓணான், அவற்றுக்குப் புழு பிடித்துக் கொடுக்க நான். போன மாதம் ஒன்று மண்ணில் முட்டை போட்டது. பொரிக்கும்வரை காவலாள் அங்கேயே தங்கவேண்டும், வெளியாள் நுழையக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. காவலாள் என்றுதானே சொன்னார், அழகுமுத்து என்று சொல்லவில்லையே. வேலாயியையும் மாப்பிள்ளையையும் அங்கே குடிவைத்துவிட்டேன்.

அடுப்புப் புகையைக் கண்டுவிட்டுக் கணக்கப்பிள்ளை விரட்ட வந்தார். மனுஷன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார். பிள்ளை பெற்ற வீடு மாதிரி நான் வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஓணானுக்கு என்னடா தீட்டு என்று கேட்டார்.

“முட்டை போட்டாலும் பிரசவம் பிரசவந்தானுங்க. காப்புக் கட்டின கையோட உள்ள வர்றதுன்னா வாங்க. ஆத்தாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

பொரித்ததும் வருகிறேன் என்று போய்விட்டார். குஞ்சுகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு இந்தக் காம்பராவில் உரமூட்டை அடுக்கப் போகிறார்களாம். அடுக்கட்டும் பார்ப்போம். ஓணான் முட்டைக்குக் காம்பரா உண்டு, இருபது வருஷம் கொழுந்தெடுத்தவள் மகளுக்கு இல்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? நான் டாக்டருக்கும் துரோகம் செய்யவில்லை, ஓணானுக்கும் செய்யவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. முட்டை மண்ணுக்குள் இருக்கும்வரை என் பிள்ளையை யாரும் அசைக்க முடியாது.

அத்தைக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் பயப்படாத
அழகுமுத்து

பின்குறிப்பு: இன்று காலை ஐந்து முட்டையும் பொரித்துவிட்டன. குஞ்சைக் கையில் வைத்துப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலாயியையும் மாப்பிள்ளையையும் தவிர யாருக்கும் தெரியாது. உங்கள் வேலியோரம் ஓணான் முட்டை கிடைத்தால், எந்த ஓணானாக இருந்தாலும் சரி, மண்ணோடு டின்னில் போட்டுச் சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். ஐந்து வேண்டும். முட்டையில் கொம்பு தெரியாது.