உங்கள் படகுத் தளமும் என் வலது காலும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்கிறோம். எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நீங்கள் நம்பி விட்டுச் சென்ற ஃபைபர் படகும் நலமாக இருக்கிறது. நாங்கள் நலம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. படகு நலம் என்பதற்குக் கொஞ்சம் தேவைப்படுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பேத்தியை முதல் முறையாகப் படகில் ஏற்றப்போவதாகவும், அவள் முன்பக்கத் தளத்தில் நின்று கரையில் இருக்கிற எல்லோருக்கும் கையாட்டப் போவதாகவும் மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். நான்கு வயதுக் குழந்தை நிற்கப்போகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று இரண்டு தாத்தாக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு தாத்தாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

படகை விட்டுச் சென்றபோது நீங்கள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். "சம்பந்தி, பாத்துக்கிட்டா போதும், கை மட்டும் வைக்காதீங்க." அந்த வார்த்தையை நான் மீறவில்லை. நான் வைத்தது காலை. ஏன் வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். படகு பதினாறடி என்று நீங்கள் சொன்னீர்கள். முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஒருவர் ஓர் அளவைச் சொல்லிவிட்டுப் போனால், சொன்னவர் சம்பந்தியாகவே இருந்தாலும், அவன் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்? ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஏறினேன். பின்பக்கத்தில் நாடாவைச் செருகிவிட்டு, உங்கள் சொத்தாயிற்றே என்று செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்துபோய் முன்பக்கத் தளத்தில் வலது காலை ஊன்றினேன். பதினைந்தடி பத்தரை அங்குலம் என்று படித்ததும் நினைவிருக்கிறது, 'கரக்' என்று சத்தம் கேட்டதும் நினைவிருக்கிறது, அடுத்த நிமிடம் என் கால் முழங்கால்வரை உங்கள் படகுக்குள் இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த உங்கள் சம்பந்தியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீளத்த அளக்கப் போனீங்களா, ஆழத்த அளக்கப் போனீங்களா?" என்றாள். கைகொடுத்துத் தூக்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும், கேட்டு முடித்த பிறகுதான்.

காலை எடுத்த பிறகு ஓட்டைக்குள் பார்த்தேன். மேலே பளபளவென்று ஃபைபர், கீழேயும் ஃபைபர், நடுவில் பலத்துக்காக வைத்திருந்த மரப்பலகை மட்டும் எந்தக் காலத்திலோ தண்ணீர் இறங்கி, தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. கோபப்படாமல் கேளுங்கள், சம்பந்தி. இது என் காலால் வந்த வினை இல்லை, அதற்கு முன்பே உளுத்துப்போயிருந்த தளம். ஆனால் நான் ஏறியிருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நம் பேத்தியின் கால் ஊன்றியிருக்கும். அன்றைக்கே, உங்களுக்குச் சொல்லாமலேயே, நானே சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தேன். முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.

படகுத்துறைக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது. உள்ளே போனால் மூக்கைத் துளைக்கிற நெடி, சுவர் முழுக்க டப்பாக்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாகக் கண்ணாடி இழைத் துணி. கடையை நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். துறைக்காரர்கள் எல்லோரும் அவரைக் 'கெட்டியக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் தொட்ட திரவம் எதுவும் கெட்டியாகாமல் இருந்ததில்லையாம். நான் நெஞ்சை நிமிர்த்தி, "இந்தத் துணியை ஒட்டுகிற ரெசினில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்றேன். அவர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். முதலாவது பாலியஸ்டர். எனக்குத் தெரிந்த பாலியஸ்டர் சட்டைத் துணி ஒன்றுதான், அதுவும் வெயில் காலத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒட்டுவதில் அதற்கு அனுபவம் உண்டு என்று சொல்லிவைத்தேன். கெட்டியக்கா சிரிக்கவில்லை. "இது சீக்கிரம் காயும் சார், புதுப் படகு வார்க்க நல்லாருக்கும். ஆனா பழசு மேல புதுசா ஒட்டுறப்ப பிடிமானம் கம்மி. இந்த நடுவுல இருக்கறது வினைல் எஸ்டர், தண்ணிய உள்ள விடாது. இந்தக் கடைசி டப்பா எபாக்ஸி, இது பிடிச்சா பிடிச்சதுதான்" என்றார். எதை எடுப்பது என்று தெரியாமல் நான் திருதிருவென்று விழித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தளத்துல யாரு நிக்கப்போறாங்க?"

"பேத்தி" என்றேன்.

அவர் முதல் இரண்டு டப்பாக்களையும் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார். எத்தனையோ கடைகளுக்குள் சோதனைக்காக நுழைந்திருக்கிறேன், சம்பந்தி. விற்பதற்கு எடுத்த சரக்கை வாங்குகிறவனின் பேத்திக்காகத் திரும்ப எடுத்து வைத்த கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. கும்பிடலாம் போல இருந்தது.

அடுத்து மேல்பூச்சு. எபாக்ஸி அவ்வளவு பலசாலியாக இருந்தும் அதற்கு வெயில் ஆகாதாம், மேலே ஏதாவது போர்த்தாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துபோகுமாம். எங்கள் பழைய மேலதிகாரி ஞாபகம் வந்தது, ஊரையே நடுங்கவைப்பார், குடையில்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். "அப்போது படகில் ஏற்கெனவே இருக்கிற மாதிரி ஜெல்கோட்டே பூசிவிடலாமே" என்றேன். "எபாக்ஸியும் ஜெல்கோட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது சார். நடுவுல பிரைமர் அடிச்சு, மேல ரெண்டு டப்பா கலக்கற பெயிண்ட் அடிங்க. பிரைமர் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும்" என்றார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற ஒன்று நடுவில் இருந்தால்தான் மேலும் கீழும் சேர்ந்திருக்கும் என்று கேட்டதும் எனக்கு என் மகள் நினைவுக்கு வந்தாள். உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஏழு வருடமாக அவள்தானே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடையிலேயே கண் கலங்கிவிட்டது. நெடியால் என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து உளுத்த பலகையைச் சுரண்டி எடுத்து, புது நுரைப்பலகை பொருத்தி, கண்ணாடி இழைத் துணியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். எபாக்ஸி டப்பாவில் ரெசின் இரண்டு பங்கு, அதைக் கெட்டியாக்குகிற ஹார்ட்னர் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. இது நம் ராஜ்ஜியம் ஆயிற்றே! அலமாரியிலிருந்து என் மின்தராசை எடுத்தேன். இருநூறு கிராம், நூறு கிராம். இம்மி பிசகாமல் நிறுத்தேன். தேன் மாதிரி இருந்த அந்தக் கலவையை வெள்ளைத் துணிமேல் தடவியதும் நடந்ததை எப்படிச் சொல்வேன்? துணி மறைந்துவிட்டது! வெள்ளை வெளேரென்று இருந்த துணி, உருளையை ஓட்ட ஓட்டக் கண்ணாடியாகி, அடியில் இருந்த பலகை துல்லியமாகத் தெரிந்தது. துணி அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. உங்கள் சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் மூக்கின் மேல் விரல் வைத்தாள். பிறகு அதே விரலை, காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தளத்தின் மேலும் வைத்தாள். அந்த ரேகை இரண்டு நாள் கழித்தும் அங்கேயே புதிதாக இருந்தது. மூன்றாம் நாளும் தளம் காயவில்லை. பாதி உருகிய மிட்டாய் மாதிரி நெகிழ்ந்து கிடந்தது. கண்ணை மூடினால் அதன்மேல் பேத்தி நின்று கையாட்டுகிறாள், மெல்ல மெல்ல இறங்குகிறாள்.

கெட்டியக்காவை நேரிலேயே அழைத்துவந்தேன். அவர் நகத்தால் ஒரு கீறு கீறினார், என்னைப் பார்த்தார், மேசைமேல் இருந்த தராசைப் பார்த்தார். "சார், நிறுத்தா போட்டீங்க?" என்றார்.

"கிராம் பிசகவில்லை" என்றேன் பெருமையாக.

"அங்கதான் போச்சு. இந்த டப்பாவுல போட்டிருக்கறது எடை இல்ல சார், கொள்ளளவு. ஹார்ட்னர் ரெசினவிட லேசு. எடைக்கு எடை பாத்தா ஹார்ட்னர் கூடிப்போயிரும். கூடினாலும் காயாது, குறைஞ்சாலும் காயாது." சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து காகிதக் கோப்பைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல ரெண்டு கோப்பை, அதுல ஒரு கோப்பை. அவ்வளவுதான்."

தப்பு அளவு வைத்திருந்ததற்காக முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன்! அன்றைக்கு என் வீட்டுச் சந்தில், முத்திரையிட்ட என் தராசோடு நானே பிடிபட்டேன். தலை நிமிர முடியவில்லை. உங்கள் சம்பந்தியம்மாள் அந்தத் தராசை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டதை எல்லாம் சுரண்டி, துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த முறை கோப்பையால் அளந்தேன். துணி மறுபடி மறைந்தது, நான் மறுபடி வாயைப் பிளந்தேன். பழகிப்போகும் என்று நினைக்காதீர்கள், பழகவில்லை. மிஞ்சிய கலவை கோப்பையிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது! அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, அதுவாகவே சூடேறிப் புகைந்து, கலக்கிய குச்சியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. அதை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன், நீங்கள் வரும்போது காட்டுகிறேன். மறுநாள் காலை கெட்டியக்கா திருப்புளியின் கைப்பிடியால் தளத்தைத் தட்டினார். உளுத்த இடம் 'டொப்' என்னுமாம், நல்ல இடம் 'டக்' என்னுமாம். ஓரத்திலிருந்து ஓரம்வரை 'டக், டக், டக்'. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாள் முழுக்க நிற்கலாம். நான் ஏறி நின்றேன். பிறகு குதித்தேன். அசையவில்லை, சம்பந்தி. தண்ணீராக ஊற்றியது என்னைத் தாங்குகிறது!

பிறகு பிரைமர் அடித்தேன். நேற்று முன்தினம் கடைசிப் பூச்சும் முடிந்தது. உங்கள் படகின் அதே வெளிர் நீலம். பேத்திக்கு வழுக்கக் கூடாது என்று ஈரப் பூச்சின்மேல் மணல் மாதிரி ஒரு பொடியையும் தூவியிருக்கிறேன். பெயிண்டும் இரண்டு டப்பா கலவைதான், ஆனால் நான் பட்டுத் தெளிந்தவன், தராசின் பக்கமே போகவில்லை, எல்லாம் காகிதக் கோப்பைதான். விரலால் தொட்டால் விரல் சுத்தமாக வருகிறது. அதன்மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கையைக் காட்ட, இந்தக் கடிதம் முழுவதையும் நான் விழுந்த அதே இடத்தில், தளத்தின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன். ஒன்றே கால் மணி நேரமாக இங்கேயே இருக்கிறேன். ஆகவே எந்தக் கவலையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள். படகின் நீளத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்ன பதினாறடியே எனக்கும் சம்மதம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசி. குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், கொடுப்பதில் அளவு பார்க்க வேண்டாம்.

தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் உரிய,
சம்பந்தி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. விரலுக்கு ஒட்டாத பூச்சு, என் எடையும் உடம்புச் சூடும் சேர்ந்து அழுத்தியதில் கால்சட்டையைக் கவ்விக்கொண்டுவிட்டது. என் குரல் கேட்டு வந்த உங்கள் சம்பந்தியம்மாள் பெயிண்ட் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "ஏங்க, இதுல 'எடைப்படி கலக்கவும்'னு போட்டிருக்கே, தராச நான் வேற உள்ள கொண்டு போயிட்டேனே!" என்றாள். கெட்டியக்காவுக்கு ஆள் அனுப்பினோம். அவரும் அவளும் ஏறி நின்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வரவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவர அவள் போயிருக்கிறாள், நான் இன்னும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பூச்சை முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும், அதனால் குழந்தையை அடுத்த ஞாயிறு அழைத்து வாருங்கள். இந்த ஞாயிறு நீங்கள் மட்டும் வந்தால் போதும், பழைய உடை போட்டுக்கொண்டு. ஆனால் ஒன்று, சம்பந்தி. நான் விழுந்த அதே இடத்தில், மூன்று பெரிய ஆட்கள், இழுத்த இழுப்பில், தளத்திலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.