இருட்டு சாரும் கால் பங்கு நீலமும்

பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்று ஊரோடு சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் இருட்டு சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஜவ்வாது மலையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். காவலூரைத் தாண்டி ஒரு கல்லூரி நடத்திய சின்ன வான் ஆய்வுக்கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். மிக மங்கலான ஒளியையும் எண்ணிச் சொல்லும் குழாய் ஒன்று எங்களிடம் இருந்தது. ராத்திரியில் அதற்குத் தொலைநோக்கியோடு வேலை. பகலில் சும்மாதானே கிடக்கிறது என்று செங்கத்திலிருந்து பஸ் கூரையில் லேசர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார் இவர்.

அவருடைய ஆராய்ச்சி அந்த்ரசீன் என்ற பொருளைப் பற்றியது. பாச்சை உருண்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சிவப்பு ஒளியை அது சீண்டாது. அதே சிவப்பை லேசரால் ஓங்கி அடித்தால் மட்டும் ஒளித்துகள்களை இரண்டிரண்டாக விழுங்கி நீலமாக ஒளிரும். நிஜமாகவே இரண்டிரண்டாகத்தான் விழுங்குகிறதா என்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. சிவப்பைப் பாதியாக்கினால் நீலம் கால் பங்காக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கிருந்தோ திருட்டு வெளிச்சம் கலக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் திருட்டு வெளிச்சத்துக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டினார். சாவித் துவாரத்தில் மெஸ்ஸிலிருந்து புளியைக் கொண்டுவந்து அடைத்தார், எறும்பு வந்தது. மஞ்சளும் ஒளிரும் என்று சொல்லி, குழம்பைத் தொடாமல் சாமைச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். சமையல்காரர் அதை மானப் பிரச்சினையாக்கி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கடைசி நாள் வந்தது. பொழுது சாய்வதற்குள் குழாயைத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் கேட்கவும் கூடாது என்று டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெறுங்கையோடு மலையிறங்கினால் இருட்டு சாரின் ஆறு வருட உழைப்பு அம்போ. மின்சாரம் ஓடும்போது கதவு திறந்து வெயில் பட்டால் குழாயும் அம்போ. வாசலில் வாட்ச்மேன் கோவிந்தன் காவல். உள்ளே, எண்களைப் படித்துச் சொல்ல நான்.

சிவப்பைப் பாதியாக்கினார். நீலம் பாதிக்குக் கீழே இறங்க மறுத்தது.

"உன் சட்டைக்கு இன்னா சோப்புபா போட்ற?" என்றது இருட்டு.

லேசருக்குள் எரியும் விளக்கிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கசிகிறதாம். துணியில் வெளுப்புத் தூள் ஒட்டியிருந்தால் அது பட்டு நீலமாக மின்னுமாம். சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றச் சொன்னார். மலைக்குளிரில் பல் தந்தியடித்தது. எண் மட்டும் அசையவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. குழாயை எடுத்துப்போக டைரக்டரே வந்திருந்தார். கோவிந்தன் குறுக்கே நிற்பது காதில் விழுந்தது.

"தொறக்காதீங்க சாமி. உள்ள வெளிச்சம் பூந்தா அது செத்துடுமாம்."

அது யாருடைய குழாய் என்று டைரக்டர் கேட்டார். தாழ்ப்பாள் ஆடியது. இருட்டு சார் பக்கமிருந்து துணி உருவும் ஓசை கேட்டது.

"என் வேட்டிபா," என்றார் மெதுவாக. "வூட்ல புதுசா ஏதோ தூள் வாங்கிக்கீறா."

வேட்டியைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் திணித்து மூடினார். லேசர் அடித்தது. எண்ணைப் படித்தேன். சிவப்பைப் பாதியாக்கினார். மறுபடியும் படித்தேன், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கால் பங்கேதான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மின்சாரத்தை நிறுத்தி, குழாயை அதன் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, ஜன்னல் கம்பளி ஒன்றை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். டைரக்டர் கம்பளியைப் பார்த்தார். சட்டையில்லாத என்னைப் பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"வந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துட்ச்சிங்க."

அடுத்த நாள் இருட்டு சார் பஸ் ஏறிப் போனதும் அந்த அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அறை முழுக்க வெயில் வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.