நாலு துளை, பத்து நிமிஷம்

"இதை ஊறவெக்கத் தெரியுமா?" என்று மாமியார் கேட்டதற்கு "தெரியும் அத்தை" என்று சொல்லி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

உள்ளே தர்பூசணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் திராட்சை அளவு. கரும்பச்சைக் கோடு, வெளிர்பச்சைத் திட்டு, நுனியில் காய்ந்துபோன பூவின் துணுக்கு எல்லாம் அச்சு அசல். யாரோ பெரிய தர்பூசணிகளை வெந்நீரில் துவைத்துச் சுருங்க வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என் மாடித் தோட்டத்துல காய்ச்சது," என்றார் மாமியார். "பார்க்கத்தான் தர்பூசணி. உள்ள வெள்ளரிக்காய். இதை வினிகர்ல ஊறவெச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கப் பண்ணிடலாம்ல?"

தப்பித்துக்கொள்ள அது இரண்டாவது வாய்ப்பு. "தாராளமா அத்தை," என்று அதையும் கெடுத்துக்கொண்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மாமியார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனிடம் அவர் பேசிய மொத்த வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதி, பாக்கி இடத்தில் முகவரியும் எழுதலாம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவனுக்கா தன் பெண் என்று ஆரம்பத்தில் ஏற்பட்ட வருத்தம், இன்னும் முழுதாக வடியவில்லை. அப்படிப்பட்டவர் நேற்று மாலை முன்னறிவிப்பு இல்லாமல் கணவரோடு வந்து இறங்கினார். கையில் மூடி போட்ட இந்தக் கிண்ணம். வந்ததிலிருந்து அவனிடம் சொன்னது "ஃபேனைக் குறைங்க" மட்டும். இன்று அவராக வந்து ஒரு வேலை சொல்கிறார். தெரியாது என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்?

போதாக்குறைக்கு அவன் மனைவி, அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம் "அவர் சமையல்ல புலிம்மா" என்று அளந்து வைத்திருந்தாள். புலிக்குத் தெரிந்தது டீயும் முட்டைப் பொரியலும்.

கடைக்கு வார விடுமுறை. மனைவி அலுவலகத்தில். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"மீட்டிங்ல இருக்கேன்," என்று கிசுகிசுத்தாள்.

"உங்கம்மா குட்டித் தர்பூசணி குடுத்து ஊறவெக்கச் சொல்றாங்க."

"உன்கிட்டயா? அம்மாவா? அவங்களாவே பேசினாங்களா?" அவள் கிசுகிசுப்பை மறந்துவிட்டாள். "சொதப்பிடாதடா. வினிகரைச் சூடாக்கு, உப்பு போடு, ஊத்தி வை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லப்படுகிற எதுவும் அவ்வளவோடு நின்றதில்லை. வினிகரைக் கொதிக்கவிட்டு, உப்பைப் போட்டு, அறுபத்து நாலு காய்களையும் ஒரு ஜாடியில் கொட்டி மூழ்கடித்தான். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்துக் கடித்தான். வெளியே வினிகர், உள்ளே பச்சை வெள்ளரி. இரண்டுக்கும் அறிமுகமே ஆகவில்லை. தோல் அப்படிக் கெட்டி.

இன்னொன்றை எடுக்கப் போனபோது அது விரலிலிருந்து நழுவி, மேடையில் உருண்டு, தரையில் குதித்து, கதவிடுக்கு வழியாக வெளியே போய்விட்டது. குனிந்துகொண்டே துரத்தியவன், ஒரு ஜோடி வீட்டுச் செருப்பின் முன்னால் நின்றான்.

மாமியார் காயைக் குனிந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். "இன்னும் ஊறலை," என்றார்.

"தோலு... துளை போடணும் அத்தை. அது ரெண்டாவது கட்டம்."

"ஓ. ரெண்டாவது கட்டம்." காயை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

வாயைக் கொடுத்தாயிற்று. துளை போட்டே ஆக வேண்டும். கத்தி முனையில் காய் நிற்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகுகளுக்காக வீட்டில் அவன் வைத்திருந்த புத்தம் புது ஸ்க்ரூடிரைவரை வெந்நீரில் கழுவி எடுத்தான். தொழில்காரன் கை அல்லவா, குத்து கச்சிதமாக விழுந்தது. காய்க்குத்தான் அந்த நாகரிகம் தெரியவில்லை. பீச்சென்று சாறு, தோலில் இருந்த வினிகரையும் கூட்டிக்கொண்டு அவன் கண்ணில் அடித்தது.

ஒரு கண்ணை மூடியபடி மீதிக் காய்களைக் குத்தினான். முதலில் காய்க்கு இரண்டு துளை போட்டான். உள்ளே இறங்காத மாதிரி தோன்றவே இன்னும் இரண்டு. நிமிர்ந்து பார்த்தால் மாமியார் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எத்தனை துளை?"

"நாலு அத்தை."

"நாலு," என்றார். தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

மாப்பிள்ளைக்குப் புரிந்தது. இது பரீட்சை. கேள்வி கேட்டு, மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டு போகிறார். முப்பது வருஷம் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பழகிய நடை அது. செருப்பு கூடச் சத்தம் போடவில்லை.

அந்தப் படபடப்பில் மறுபடி வினிகரைச் சூடாக்கி ஊற்றியவன், மறுபடி உப்பும் போட்டான். முன்பே போட்டது நினைவுக்கு வந்தபோது நாலு துளைகளும் தங்கள் கடமையைச் செய்து முடித்திருந்தன. ருசி பார்க்க ஒன்றை வாயில் போட்டான். கடலில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டான். கதவருகே குரல் கேட்டது. "தண்ணியில எவ்வளவு நேரம்?"

"பத்து... பத்து நிமிஷம் அத்தை."

"பத்து."

மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொன்ன பாவத்துக்கு அவனும் பத்து நிமிஷம் அசையாமல் நின்றான். உப்பு போனது. கூடவே மற்ற எல்லாமும் போனது. இப்போது வாயில் போட்டால் எதையோ மெல்கிறோம் என்ற தகவல் மட்டும் கிடைத்தது.

மீண்டும் வினிகர் ஊற்றலாமென்றால் பாட்டில் காலி. எலுமிச்சை இருந்தது. நாலு பழத்தைப் பிழிந்தான். பல் கூசியது, காது வரைக்கும் கூசியது. புளிப்பை அடக்கச் சர்க்கரை போட்டான். புளிப்பு அடங்கவில்லை, சர்க்கரை மட்டும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இனிப்பை அடக்கப் பூண்டை நசுக்கிப் போட்டான், மிளகைத் தட்டிப் போட்டான், பச்சை மிளகாயை இரண்டாகக் கிள்ளிப் போட்டான். கிள்ளின கையால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த கண்ணைத் துடைத்தான்.

அவன் போட்ட சத்தத்தில் கூடத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார். நல்ல மனுஷர். வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா. மிளகாய்."

"ஜாடியிலயா, கண்ணுலயா?"

"ரெண்டுலயும் ஆச்சு மாமா."

மாமனார் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஜாடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எதையோ சொல்ல வந்து, மனைவி வரும் அரவம் கேட்டதும் பத்திரிகைக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு மணிக்கு மனைவி அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"எப்படி வந்திருக்கு?"

"தெரியல. ருசி பார்க்க நாக்கு இல்ல. அது செத்து அரை மணி ஆச்சு."

"சரி, வாயைத் திறக்காம உக்காரு. நான் பேச்சை மாத்திடறேன்."

நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜாடி நடுவில் இருந்தது. மனைவி பருவநிலையைப் பற்றிப் பேசினாள், புது மேலதிகாரியைப் பற்றிப் பேசினாள். மாமியார் எதையும் காதில் வாங்காமல் கரண்டியை ஜாடிக்குள் விட்டார். ஒரு காயை எடுத்து வாயில் போட்டார்.

நறுக்.

மென்றார். கண்ணை மூடினார். மாமியார் கண்ணைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஜாடியையே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார். "புளிப்பு, இனிப்பு, காரம், எல்லாம் அளவா நிக்குது. தோல்கூட நறுக்குங்குது. மாப்பிள்ளை, உங்களை நான் என்னமோ நினைச்சிருந்தேன்."

இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று எழுந்து வெளியே போனது. மனைவி மேஜைக்கடியில் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவனும் ஒன்றை எடுத்துத் தின்றான். உண்மையாகவே நன்றாக இருந்தது. எப்படி என்றுதான் விளங்கவில்லை.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த "மாப்பிள்ளை"யில் இருந்த வாஞ்சை அவனை என்னவோ செய்துவிட்டது. இவ்வளவு நல்லவரிடம் எப்படிப் பொய்யோடு உட்கார்ந்திருப்பது?

"அத்தை, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இதைச் செய்யத் தெரியாது. இந்தக் காயையே இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மேஜைக்கடியில் இருந்த கை அவனைக் கிள்ளியது.

மாமியாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "தெரியாதா? அப்போ அந்த நாலு துளை?"

"ரெண்டு போட்டேன். சந்தேகமா இருந்துச்சு. இன்னும் ரெண்டு போட்டேன்."

"உப்பு ரெண்டு தடவை போட்டீங்களே?"

"மறந்துபோய்ப் போட்டது அத்தை."

"தண்ணியில பத்து நிமிஷம்?"

"நீங்க கேட்டீங்க. வாயில வந்ததைச் சொன்னேன்."

ஒவ்வொரு பதிலுக்கும் மாமியாரின் முகம் ஒரு படி இறங்கியது. கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சந்தோஷமா?" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நல்ல வார்த்தை சொன்னாங்க. அதையும் துரத்திட்ட."

"நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்," என்று மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளினான்.

மாமனார் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தால், மனுஷர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"நிம்மதியாச் சாப்பிடுங்க மாப்பிள்ளை, அவ ஒண்ணும் கோவிச்சுக்கலை. நாளைக்கு மறுநாள் மாடித்தோட்டச் சங்கத்துல நாப்பது பேர் முன்னாடி இதை 'என் சொந்த முறை'ன்னு செஞ்சு காட்டறேன்னு வாக்குக் குடுத்துட்டு, தெரியாதுன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாம உங்ககிட்ட ஓடி வந்தா. காலையிலேர்ந்து நீங்க செஞ்சதை ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கா, இப்ப அதுல எந்த வரியை அடிக்கிறதுன்னு தெரியாமத்தான் உள்ள உக்காந்து முழிக்கிறா!"